இடுப்பளவு நூல்

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நன்றாக இருக்கிறாள். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? பாலத்து மேல் நிற்கும்போது தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம், இரண்டு பேரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். அதைக் கவனித்திருப்பீர்கள். மூன்றாவது ஆளுக்காகத்தான் இந்தக் கடிதம். அம்மாவுக்குத் தெரியாது. அவள் தூங்கிய பிறகு தையல் மிஷினில் இருக்கும் சின்ன விளக்கைப் போட்டு, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு எழுதுகிறேன். கோழிக்கிறுக்கலாக இருந்தால் திட்டாதீர்கள்.

நம் குண்டூசித் தம்பிக்கு உடம்பு சரியில்லை, அப்பா.

போன மாதம் அவன் கால்சட்டை இடுப்பில் இறுக்கியது. அம்மா தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியைக் கொஞ்சம் விட்டுத் தைத்தாள். சந்தோஷமாகத்தான் தைத்தாள். "எலும்பும் தோலுமா இருந்த பிள்ளை, இப்பத்தான் சதை வைக்குது" என்றாள். கொஞ்ச நாளில் மறுபடி இறுக்கியது. மறுபடி பிரித்தாள். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அவனை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். அப்புறம் ஒரு நாள் காலையில் அவன் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் தூங்குகிறான் என்று நினைத்தோம். "அக்கா, நான் முழிச்சிட்டேன். கண்ணுதான் தொறக்க மாட்டேங்குது" என்றான். இமை இரண்டும் அவ்வளவு வீங்கியிருந்தன.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். நோயின் பெயர் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம். சிறுநீரகம் ஒரு வடிகட்டி மாதிரியாம். இவனுக்கு அதன் ஓட்டைகள் பெரிதாகிவிட்டன. உடம்புக்கு வேண்டிய புரதமெல்லாம் சிறுநீரில் போகிறது. அதனால் உடம்பில் நீர் கோர்த்துக்கொள்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "நான் துணிய விட்டுத் தைச்சேனே, அப்பவே வந்திருக்கணுமா?" டாக்டரம்மா, "அப்ப வந்திருந்தாலும் இதே மாத்திரைதாம்மா" என்றார். அம்மா காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆபீஸ் போனில் கூப்பிட்டபோது, "அவனா? விளையாடப் போயிருக்கான்" என்றாளே, அப்போது அவன் அவள் மடியில்தான் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள். போனை வைத்த பிறகு, "அப்பாகிட்ட வாயத் தொறந்தே, தொலைஞ்சே. அவரு தாங்க மாட்டாரு" என்றாள். ஏன் தாங்க மாட்டீர்கள்? அவ்வளவு உயரத்தில் நின்று கம்பி கட்டுகிறீர்களே.

வீக்கம் எவ்வளவு என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் அளவு டேப் தூங்கும்போதும் அவள் கழுத்தில்தான் இருக்கும். அதனால் அவள் நூல் பெட்டியில் மேலாக இருந்த வெள்ளை நூலை எடுத்து, தூங்குகிற தம்பியின் தொப்புளைச் சுற்றி வைத்து வெட்டியிருக்கிறேன். கடிதத்துக்குள் இருக்கிறது. அதுதான் அவன் இப்போது.

பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உறைமேல் என்கூடப் படிக்கிற ஒட்டடைக்குச்சியின் வீட்டு முகவரி எழுதியிருக்கிறேன். அவர்கள் தபால் பெட்டிச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. உயரமாக வளர்ந்திருக்கிறாளே தவிர, ரகசியம் காப்பாள்.

பயமாக இருக்கிறது, அப்பா.

உங்கள் மகள்

---

ஜூலை 3

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும், அது போதும்.

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை அதிகம்.

நீ எழுதியதில் தப்பில்லை. குழந்தைகளுக்கு வருவதுதான், பயப்படாதே. டாக்டரம்மா சொன்ன மாத்திரையை ஒரு வேளைகூட விடக் கூடாது. இவற்றை மட்டும் பார்த்து எழுது: மல்லாந்து படுத்தால் அவனுக்கு மூச்சு வாங்குகிறதா? கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? சிறுநீர் நுரைக்கிறதா, நிறையப் போகிறானா, கொஞ்சமா? கால் மரத்துப்போனதாகச் சொல்கிறானா? தாகம் என்று அழுதால் அழ விடாதே, டாக்டரைக் கேட்டு உதட்டையாவது நனை.

அம்மாவிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். அவள் எனக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த நூலையும் அனுப்பு.

அப்பா

---

ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒட்டடைக்குச்சி கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்தாள். நீங்கள் சுகமாக இருப்பதாக எழுதியிருந்ததை மூன்று தடவை வாசித்தேன். நாங்களும் சுகம்தான், முன்பைவிட நிச்சயமாகச் சுகம்.

முதலில் உங்கள் கேள்விகள். மூச்சு வாங்கவில்லை. குழி விழுந்து நிற்கிறது, ஆனால் முன்னை மாதிரி ஆழமில்லை. கால் மரக்கவில்லை. நீங்கள் கேட்டவற்றையே டாக்டரம்மாவும் வரிசையாகக் கேட்டார். உங்களுக்கு எப்படி அப்பா இதெல்லாம் தெரியும்?

தினமும் காலையில் அவன் சிறுநீரில் அம்மா ஒரு தாள் குச்சியை நனைக்கிறாள். மஞ்சளாகவே இருந்தால் நல்லது. பச்சையானால் புரதம் போகிறது. இதில் ஒரு சிக்கல். நம் ஆளுக்குப் பிடித்த கலர் பச்சை. குச்சி பச்சையானால், "நான் ஜெயிச்சிட்டேன்! பச்சை ஜெயிச்சிருச்சு!" என்று வீடு முழுக்க ஓடுகிறான். அம்மா, "ஆமாடா, நீதான் ஜெயிச்சே" என்று சிரிக்கிறாள். சிரித்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்து பெடலை மிதிக்கிறாள். ஊசிக்குக் கீழே துணி இருக்காது, அப்பா. சும்மா ஓடும்.

வீட்டில் யாருக்கும் உப்பு கிடையாது. அவனுக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் அவனுக்கு ஏக்கமாக இருக்கும் என்று மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடு. பக்கத்து வீட்டு அக்கா தெரியாமல் அவனிடம் ஒரு சிப்ஸ் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டார். அம்மா அதைப் பிடுங்கினாள். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. சமையலறையில் நின்றபடியே முழுதையும் தின்றாள். அவன் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "நீ மட்டும் தின்னுட்டே! அப்பா வரட்டும், சொல்றேன்" என்றான். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கும்தான்.

மாத்திரையால் அவனுக்குப் பசி அதிகம். கன்னம் இரண்டும் உப்பிவிட்டன. பால்காரர், "என்ன தம்பி, மாமியார் வீட்டுச் சாப்பாடா?" என்று கிண்டல் செய்கிறார். அம்மா பால் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.

ஆனால் நல்ல செய்தி ஒன்று. போன வாரம் ஒரு நாள் முழுக்க ஒன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தான். அம்மா கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் போடா ராஜா, இன்னும் போ" என்று கெஞ்சினாள். அப்புறம் குச்சி மஞ்சளாகவே வருகிறது. தம்பிக்குத்தான் வருத்தம். இத்துடன் இரண்டு நூல் வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்டது இந்த வாரத்து நூல். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

உங்கள் மகள்

---

ஜூலை 30

என் அன்பு மகளுக்கு,

நான் சுகம். கையில் கம்பி கீறிய காயம்கூட ஆறிவிட்டது. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உன் அம்மா சாப்பிடுகிறாளா என்றும் பார்.

முடிச்சுப் போட்ட நூல் இரண்டு விரற்கடை குறைவு. என் கட்டிலுக்கு மேலே ஆணி அடித்து மூன்று நூல்களையும் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்னய்யா, தூண்டில் போடப் போறியா? முள்ளு எங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அன்றிலிருந்து அவரும் கதவைத் திறந்ததும் ஆணியைத்தான் பார்க்கிறார்.

ஆகஸ்ட் கடைசியில் என் விடுமுறை முறை வருகிறது. வந்துவிடுவேன். பிள்ளையிடம் சொல்.

நீ கேட்டதற்கு நேரில் பதில் சொல்கிறேன்.

அப்பா

---

ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

காயம் ஆறியதில் சந்தோஷம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் சாப்பிடுகிறாள்.

மிஷின் விளக்கின் பல்ப் போய்விட்டது. ஜன்னலோரம் தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். நிறைய எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பேனாவை வைத்தால் கை நகர மாட்டேன் என்கிறது. எழுதினால் அது உண்மையாகிவிடும் போல் இருக்கிறது.

அம்மா அவனுக்கு இன்று புதிதாக நான்கு கால்சட்டை தைத்தாள்.

நூலைப் பாருங்கள், அப்பா. அதுவே சொல்லிவிடும். நீங்கள் வரும் நாளை அவன் தினமும் கேட்கிறான்.

உங்கள் மகள்

---

ஆகஸ்ட் 27

என் தங்க மகளுக்கு,

நலம், நலம், நலம்! மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன்.

நூலைப் பார்த்தேன். உறையிலிருந்து விழுந்ததும், பாதி நூல் எங்கேயோ தொலைந்துவிட்டது என்று தரையில் தேடினேன். அவ்வளவு குறைவு! ஆணியில் தொங்குகிற எல்லா நூலையும்விடச் சின்னது. மேஸ்திரி அறை முழுக்கத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். "எழுதினால் உண்மையாகிவிடும்" என்று எழுதியிருந்தாயே. நல்லதைச் சொன்னால் கண்பட்டுவிடும் என்று நீயும் உன் அம்மாவைப் போலவே பயப்படுகிறாய். புதுக் கால்சட்டை வேறு. என் பழைய குண்டூசி திரும்பி வந்துவிட்டான்.

ஒரு விஷயம். கோபித்துக்கொள்ளாதே. இங்கே வெல்டர் ஒருவர் இருக்கிறார். அவர் மனைவிக்கு இது பிரசவ மாதம். அவருடைய விடுமுறை நவம்பரில்தான். நம் பிள்ளைதான் தேறிவிட்டானே என்று என் முறையை அவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் நேற்றே கிளம்பிவிட்டார். நான் நவம்பரில் வருகிறேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில் சொல்லலாம். உனக்கு ஒரு சித்தப்பா இருந்தான். எனக்கு அப்போது உன் வயது. அவனுக்குக் குண்டூசியின் வயது. அவனுக்கும் முதலில் முகம்தான் வீங்கியது. சதை வைக்கிறான் என்று எங்கள் வீட்டிலும் சந்தோஷப்பட்டார்கள். நான் அவன் கன்னத்தைத் தட்டி விளையாடுவேன். கணுக்காலில் அழுத்திக் குழி விழ வைப்பதுகூட எங்களுக்கு ஒரு விளையாட்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இந்த மாத்திரையும் இல்லை, சொல்வதற்கு டாக்டரும் இல்லை. தாகம் என்று அழுவான், தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த வருடத்து மழை விடும் முன்னே போய்விட்டான்.

கல்யாணமான புதிதில் உன் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்கப்புறம் நானும் பேசவில்லை, அவளும் கேட்டதில்லை. அவள் ஏன் உன்னைப் பார்த்து விரலை ஆட்டினாள் என்று இப்போது புரிகிறதா? ஜூன் மாதக் கடிதத்துக்கு நான் ஏன் அத்தனை நாள் பதில் போடவில்லை என்பதும் புரியும்.

அதெல்லாம் முடிந்த கதை. நம் பிள்ளை பிழைத்துக்கொண்டான். எல்லோரும் சுகமாக இருங்கள்.

அப்பா

---

செப்டம்பர் 5

அப்பா,

இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்கவில்லை, மன்னியுங்கள். தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். நீங்கள் உடனே வர வேண்டும்.

உங்கள் கடிதம் நேற்றுதான் வந்தது. இரண்டாவது வரியிலேயே எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அனுப்பியது எல்லாவற்றையும்விடப் பெரிய நூல், அப்பா. அவனுக்குச் சளி பிடித்து, அதோடு மறுபடி பச்சை வர ஆரம்பித்திருந்தது. அந்த ராத்திரி அவன் வயிறு பலூன் மாதிரி இருந்தது. அதை எழுத முடியாமல்தான் நூலைப் பாருங்கள் என்றேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் நூல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெள்ளை நூலுக்கு அடியில் இன்னொரு வெள்ளை ரீல். அது நூலே இல்லை. எலாஸ்டிக். குழந்தைகளின் கவுனில் சுருக்கம் வைக்க அம்மா பயன்படுத்துவாளே, மெல்லிசாக, வெள்ளையாக, அது. அந்த ராத்திரி இருட்டில் மேலாகக் கையில் கிடைத்ததை எடுத்துவிட்டேன். அவன் வயிற்றைச் சுற்றி இழுத்துப் பிடித்து வெட்டியிருக்கிறேன். வெட்டியதும் அது சுருங்கிக்கொண்டது. நான் பார்க்காமலே மடித்து உறையில் போட்டுவிட்டேன்.

அந்த நூலை ஆணியிலிருந்து எடுத்து இழுத்துப் பாருங்கள். அதுதான் அவன்.

அம்மா மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தாள், டாக்டரம்மா சொன்னபடிதான். போன வாரம் காய்ச்சல் வந்தது. "வயிறு வலிக்குது, தொடாதே" என்று கத்தினான். வயிற்றில் தேங்கியிருந்த நீரில் கிருமி பிடித்துவிட்டதாம். ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா கூடவே போனாள். நான் ஒட்டடைக்குச்சி வீட்டில் இருக்கிறேன். ஏறும்போது அம்மா என்னிடம் சொன்னது, "மிஷினை மூடி வை, தூசி படும்" என்பது மட்டும்தான். இன்றைக்கு நான் ஆபீஸ் நம்பருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கடைசி வரியை மட்டும் மறுபடி வாசிக்க முடியவில்லை.

என் கண்தான் தப்பு செய்தது, அப்பா. வந்துவிடுங்கள்.

---

செப்டம்பர் 9

என் செல்லத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சரியாகச் சாப்பிடு, அவர்கள் வீட்டில் உப்பு உண்டு, கூச்சப்படாமல் போட்டுச் சாப்பிடு. தம்பிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நேற்றிலிருந்து ஊசி மருந்து பிடித்துக்கொண்டது. முதலில் இதை வாசித்து மூச்சு விடு, மற்றதெல்லாம் அப்புறம்.

உனக்கு இதுவரை நான் கடிதம் எழுதியதில்லை. நேரில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி, ஊருக்குத் திரும்பும் ஆம்புலன்ஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அப்பா வந்துவிட்டார்.

நேற்றுக் காலை வார்டு கதவைப் பார்த்தால், வேலை செய்யும் உடையோடு நிற்கிறார். பை இல்லை, ஒன்றுமில்லை. என்னிடம் "எப்படி இருக்கே" என்று கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார். "இது நீளுது" என்றார். "அது எலாஸ்டிக்" என்றேன். இத்தனை மாதம் கழித்துப் பார்த்துக்கொண்ட புருஷன் பொண்டாட்டி பேசிக்கொண்டது அதுதான். பக்கத்துக் கட்டில் அம்மாள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அங்கே மேஸ்திரியின் மூக்குக்கண்ணாடியில் ஒரு கால் கழன்றுவிட்டதாம். கட்டுவதற்கு ஆணியில் தொங்கியதில் சின்ன நூலாகப் பார்த்து எடுத்திருக்கிறார். இழுத்தால் வந்துகொண்டே இருந்ததாம். "யோவ், இது நீளுதுய்யா!" என்று கத்தியிருக்கிறார். அப்பா வாங்கிப் பார்த்தார். கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கிக் காய்த்த கை அது. எது எவ்வளவு இழுபடும் என்று தெரியாதா? ஆனால் உன் நூலை ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லையாம், அறுந்துவிடும் என்று பூ மாதிரித் தொட்டு வைத்திருந்தாராம். இழுத்து மற்ற நூலோடு வைத்ததும் புரிந்துவிட்டது. லீவு கேட்கப் போனவரை மேஸ்திரி, "கேட்டுக்கிட்டு நிக்காதே, நீ போ, நான் சொல்லிக்கிறேன்" என்று லாரியில் ஏற்றிவிட்டார். வீடு பூட்டியிருந்ததாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் விசாரித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறார்.

தம்பி அவரைப் பார்த்ததும், "அம்மா சிப்ஸ் தின்னுட்டா" என்றுதான் சொன்னான்.

இனி உன்னிடம் சொல்ல வேண்டியது. நீ ராத்திரி எழுதுவது எனக்குத் தெரியும். தையல்காரிக்குத் தன் கத்தரிக்கோல் சத்தம் தூக்கத்திலும் கேட்கும். முதல் நாளே கேட்டது. எழுந்து பிடுங்கியிருக்கலாம். எழுந்திருக்கவில்லை. எனக்கு அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நீ சொல்லிக்கொண்டிருந்தாய். அதனால் தினமும் படுக்கும் முன் பருத்தி நூலைப் பெட்டியில் மேலாக வைத்துவிட்டுப் படுப்பேன், உன் கைக்கு எட்டட்டும் என்று.

ஆகஸ்டில் அவன் வயிறு நாளுக்கு ஓர் அளவாக இருந்தது. எத்தனை தடவை பிரித்துப் பிரித்துத் தைப்பது? எலாஸ்டிக் வைத்து நான்கு கால்சட்டை தைத்தேன். தைத்து முடித்து அந்த ரீலை மேலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அன்றைக்கு மட்டும் மாற்றி வைக்க மறந்துவிட்டேன். உன் கண் ஒரு தப்பும் செய்யவில்லை. நீ எப்போதும் போல மேலே இருந்ததை எடுத்திருக்கிறாய்.

இதை அப்பாவிடமும் சொன்னேன். துணி விட்டுத் தைத்ததையும் சொன்னேன். அவர் தம்பி காலடியில் உட்கார்ந்து அவன் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி விழுந்தது. அது மேலே எழும்பி வரும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மிஷினை மூடி வைத்தாயா?

அம்மா

---

செப்டம்பர் 12

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

மூன்று பேரும் ஒரே இடத்தில் இருக்கிறீர்கள், அதனால் ஒரே விசாரிப்பு: எப்படி இருக்கிறீர்கள்? நான் உப்புப் போட்டுச் சாப்பிட்டேன். முதல் வாய் நாக்கில் சுருக்கென்றது. அப்புறம் பிடித்திருந்தது. தம்பியிடம் சொல்லாதீர்கள்.

அம்மாவின் கடிதத்தை டிரைவர் கொடுத்ததும் வாசலிலேயே உட்கார்ந்து வாசித்தேன். ஒட்டடைக்குச்சி, "நல்லதா, கெட்டதா? சொல்லுடி" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவள்தான் அழுதாள்.

அம்மா, நீ தூங்கவில்லை என்று எனக்குத் தெரியவே தெரியாது. குறட்டை விட்டாயே!

மிஷினை மூடி வைத்துவிட்டேன்.

உங்கள் மகள்

---

அக்டோபர் 20

என் அன்பு மகளுக்கு,

பத்திரமாக வேலைத் தளத்துக்கு வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் பழக நாளாகும். வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

வந்து பார்த்தால் என் கட்டில் மேல் ஒரு கடிதம். செப்டம்பர் ஐந்தாம் தேதி நீ எழுதியது. நான் கிளம்பிய பிறகு வந்திருக்கிறது. நீ என்னை வரச்சொல்லி எழுதியதை, வந்து, இருந்து, திரும்பிய பிறகு வாசிக்கிறேன். பிள்ளை பிழைத்துவிட்டான் என்று தெரிந்தும் அழுதுவிட்டேன். மேஸ்திரி, "முடிஞ்சு போனதுக்கு இப்ப ஏன்யா அழுவுறே?" என்றார். இப்போதுதான் அழ முடிகிறது என்றேன்.

சளி பிடித்தால் வீக்கம் திரும்ப வரலாம் என்று டாக்டரம்மா என்னிடமும் சொன்னார். இன்னும் சில வருடம் வந்துவந்து போகலாம், வளர வளரப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விட்டுவிடும் என்றார். வந்தால் சொல்லுங்கள். நூலும் வேண்டும், வார்த்தையும் வேண்டும். ஒன்றை மட்டும் நம்ப மாட்டேன்.

இனி நம் வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன்.

அப்பா

---

ஜனவரி 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். இந்தத் தடவை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று பேர். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இதைப் பகலில் எழுதுகிறேன். அம்மா மிஷினில் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஊசிக்குக் கீழே துணி இருக்கிறது. "என்ன எழுதுறே, சத்தமா வாசி" என்கிறாள். "போம்மா, இது எங்க ரெண்டு பேருக்கும்" என்றேன். "ஆமா, பெரிய மனுஷி" என்று கத்தரிக்கோலைக் காட்டி மிரட்டினாள்.

டிசம்பரில் அவனுக்கு மூக்கு ஒழுகியது. அந்த வாரம் முழுக்க நானும் அம்மாவும் குச்சியை மாற்றி மாற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒரு நாள் குச்சி லேசாகப் பச்சை அடித்தது. அம்மா அன்றே உங்களைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாளே, அதுதான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். விரலை ஆட்டவில்லை. மறுநாளே மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. தம்பி கட்சி மாறிவிட்டான். இப்போது அவனுக்குப் பிடித்த கலர் மஞ்சளாம். "பச்சை போரடிக்குது" என்கிறான்.

மாத்திரை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான். கன்னம் வற்றி, பழைய முகம் எட்டிப் பார்க்கிறது. பால்காரர், "என்ன தம்பி, மாமியார் வீட்டுல சண்டையா?" என்று கேட்டார். அம்மா சத்தம் போட்டுச் சிரித்தாள்.

எலாஸ்டிக் கால்சட்டைகள் அவன் இடுப்பில் நிற்காமல் நழுவுகின்றன. அம்மா அவற்றைப் பிரித்து, பட்டன் வைத்துத் தைத்துவிட்டாள். இந்த வாரத்து நூலை வெட்ட நான் கத்தரிக்கோலை எடுத்ததும், "இடுப்பு போதும்டி. இந்தத் தடவை இப்படி அளப்போம்" என்று அவனைச் சுவரோரம் நிற்க வைத்தாள். குதிகாலை ஒட்டி வைத்து, தலைமேல் என் கணக்குப் புத்தகத்தைப் படுக்கவைத்து, அவளே நூலை வெட்டினாள். அவன் எக்கி நின்றான். தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

அதனால் உறையிலிருந்து நூல் விழுந்ததும் இவ்வளவு நீளமா என்று பயந்துவிடாதீர்கள், அப்பா. இது அவன் உயரம். போன வருடம் சுவரில் நீங்கள் போட்டிருந்த கோட்டைவிட ஒரு விரற்கடை கூட.

பருத்தி நூல்தான். வேண்டுமானால் இழுத்துப் பாருங்கள், நீளாது.

உங்கள் மகள்